காரோடு கப்பலேறலாமா?

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே பஞ்சாயத்து. ஆரம்பித்த இடம் கேம்ப் ரோடு சிக்னல். முன்னால் ஒரு தண்ணி லாரி, பின்னால் ஹாரனை விட்டுக் கையை எடுக்காத ஒரு ஷேர் ஆட்டோ. நடுவில் எங்கள் வண்டி. அப்பா திடீரென்று கேட்டார்.

"டேய், நம்ம வண்டிய கப்பல்ல ஏத்தி சிலோனுக்கு ஓட்டிட்டுப் போக முடியுமாடா?"

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. அப்போதுதான் மனுஷன் சீரியஸாகக் கேட்கிறார் என்று புரிந்தது.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். என் அப்பாயி (அப்பாவின் அம்மா) பிறந்தது மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு அனுப்ப ஐந்தே கால் லட்சம் பேர், அங்கேயே வைத்துக்கொள்ள மூன்று லட்சம் பேர் என்று ஆளைப் பங்கு பிரித்தார்கள் அல்லவா? அந்த ஐந்தே கால் லட்சத்தில் அப்பாயி ஒருவர். 1973ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். கையில் ஒரு ட்ரங்குப் பெட்டி, மடியில் மூன்று வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் சேலையூரில் வீடு கட்டி, தவணையெல்லாம் முடித்து, இப்போது சொந்தக் கார் வைத்திருக்கும் என் அப்பா.

அப்பாயிக்கு இப்போது எழுபத்தேழு வயது. முட்டி இரண்டும் தகராறு. போன பொங்கலுக்கு "ஒரு தடவ அந்த லயத்தப் பாத்துட்டு வந்துட்டா போதும்யா" என்றார். அதற்கு முன்னால் இதெல்லாம் கேட்டதே இல்லை. கேட்காத ஆள் கேட்டுவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டது.

ஃப்ளைட் என்றோம். "வந்தது கப்பல்ல, போறதும் கப்பல்லதான்" என்று ஒரே போடு. அப்பா அதற்கு மேல் ஒரு படி போய் காரையும் சேர்த்துவிட்டார். பி.காம் படிக்கிறவன், நெட்டில் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிறவன் என்பதால் ஆராய்ச்சி வேலை என் தலையில்.

ஆராய்ந்தேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே கிளம்பலாம் :-) காரை எடுத்துக்கொண்டு இலங்கைக்கு உல்லாசப் பயணம் போக ஒரு கப்பல் இல்லை. இருந்தாலும் நான் காரை ஏற்ற மாட்டேன்.

சரி, இருக்கிறவர்கள் வாங்க.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே கப்பல் ஓடிய வழி மூன்று. முதலாவது தனுஷ்கோடி - தலைமன்னார். 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் 'போட் மெயில்' என்ற பெயரே பிரபலமாகிவிட்டது. எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறினால் கொழும்பு. நடுவில் கடல் வெறும் 35 கிலோமீட்டர் சொச்சம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதாவது கப்பல் ஓடிய காலமெல்லாம் ராமேஸ்வரத்துக்கு ஒரு காரை ஓட்டிக்கொண்டு போகவே முடியாது. காரை ஓட்டிப் போக ரோடு வந்தபோது கப்பல் இல்லை! இந்த ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொன்னபோது, ஏதோ நான்தான் பாலத்தைத் தாமதமாகக் கட்டினேன் என்பது போல முறைத்தார்.

இரண்டாவது, தூத்துக்குடி - கொழும்பு. 2011 ஜூன் மாதம் 'ஸ்கோடியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பலை விட்டார்கள். ஆயிரம் பேர் போகலாம், ஒரு ராத்திரிப் பயணம். அந்தக் கப்பலின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது. அது அமெரிக்காவின் போர்ட்லேண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் நடுவே பல வருஷம் ஓடிய கப்பல். அங்கே அதன் வேலையே காரோடு சுற்றுலா போகிறவர்களை ஏற்றிப்போவதுதான். கார் நிறுத்த ஒரு முழுத் தளம் உள்ள கப்பல் நம் தூத்துக்குடிக்கே வந்து நின்றிருக்கிறது. அதே வருஷம் நவம்பரில் கட்டுப்படியாகாமல் நின்றுபோனது. ஆறு மாதம் கூட இல்லை.

மூன்றாவதுதான் இப்போது எல்லோரும் பேசும் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை. 2023 அக்டோபர் 14ந் தேதி பிரதமர் காணொளியில் கொடியசைத்தார். 'செரியபாணி' என்ற அதிவேகக் கப்பல், 150 பேர். கட்டணம் 7,670 ரூபாய், முதல் நாள் சலுகை 2,803 ரூபாய். சில நாட்களிலேயே மழைக்காலம் என்று நிறுத்திவிட்டார்கள். (வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது நாகப்பட்டினத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்குக் கூடத் தெரியும். அக்டோபர் நடுவில் கப்பலைத் தொடங்கலாம் என்று முடிவு செய்த மகான் யாரோ!) பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு தொடங்கியது. அதுவும் மழைக்கு நின்று, 2025 பிப்ரவரி 22ல் மறுபடி தொடங்கியது. கடலில் நூற்றுப் பத்து கிலோமீட்டர், நான்கு மணி நேரம். இதிலும் ஆள் மட்டும்தான். கார் கிடையாது, பைக் கிடையாது.

ஆனால் அப்பாவின் ஆசை முட்டாள்தனமானது இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். சேலையூரிலிருந்து நாகப்பட்டினம் முந்நூறு கிலோமீட்டர். அந்தப் பக்கம் காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள். அங்கிருந்து ஏ9 நெடுஞ்சாலை. கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ள தாண்டி அந்த ரோடு நேராக மாத்தளைக்குள் நுழைந்து கண்டியில் முடிகிறது. யாழ்ப்பாணத்தில் ஏறினால் அப்பாயியின் ஊர் வரை ஒரே ரோடு, அதுவும் ஒரு முந்நூறு கிலோமீட்டர். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அருமையான கார் பயணம் கிடையாது.

சரி, நாளைக்கே ஒரு கார் கப்பல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்னவெல்லாம் வேண்டும்?

முதலில் 'கார்னே' என்று ஒரு புத்தகம். காருக்குப் பாஸ்போர்ட் மாதிரி. நம் நாட்டில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் மூலமாக வாங்க வேண்டும். அது சும்மா முத்திரை குத்தும் புத்தகம் இல்லை, ஒரு கியாரண்டி. இலங்கைக்குள் போன கார் திரும்பி வராவிட்டால், அங்கே அந்தக் காருக்கு உண்டான இறக்குமதி வரியை அசோசியேஷன் கட்ட வேண்டும். அதனால் அவர்கள் நம்மிடம் காரின் மதிப்பை ஒட்டி வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். இலங்கையில் கார் வரி எவ்வளவு கடுமை என்று தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள், 2025ல்தான் மறுபடி அனுமதித்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஓரளவு நல்ல கார் என்றால் அது தங்கக் கட்டி. சுங்க அதிகாரி நம்மை உல்லாசப் பயணியாகப் பார்ப்பாரா, நான்கு சக்கரத்தில் தங்கம் கொண்டு வந்தவனாகப் பார்ப்பாரா?

அடுத்து, ஆர்.டி.ஓ.வில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம். அது போதாது, அங்கே போய் அதற்கு ஒப்புதலும் வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்சூரன்ஸ். நம் கார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். ஆனால் கூடுதல் பிரீமியம் கட்டினால் எல்லையை நீட்டிக்கொள்ளலாம் என்று மோட்டார் டாரிஃப் விதியிலேயே இருக்கிறது. எந்தெந்த நாடுகளுக்கு? நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு. மாலத்தீவுக்குக் காரில் போகிற அந்தப் புண்ணியவானைப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள் :-) அதே விதியில் இன்னொரு வரி: கப்பலில் ஏற்றிப் போகும்போது காருக்கு நேரும் சேதம் இதில் சேராது. ஆக இலங்கையில் ஓடும்போது பாதுகாப்பு உண்டு, இலங்கைக்குப் போகும் கடலில் கிடையாது. கப்பலே இல்லாத ஊருக்கு விதி எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஃபிக்சட் காஸ்ட், பிரேக் ஈவன் என்று தலையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான் உபயோகப்பட்டது. கப்பலுக்கு எண்ணெய், மாலுமி சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் ஒருவர் ஏறினாலும் நூற்றைம்பது பேர் ஏறினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2023ன் முழுக் கட்டணத்தில் 150 சீட்டும் நிரம்பினால் ஒரு பயணத்துக்கு வசூல் பதினொன்றரை லட்சம். பாதி நிரம்பினால் பாதி. செலவு மட்டும் பாதியாகாது. அதிலும் வருஷத்தில் மூன்று மாதம் மழைக்குப் படுத்துக்கொள்ளும் தொழில்.

அப்படியென்றால் வெளிநாட்டில் எப்படிக் கட்டுப்படியாகிறது? இதற்குத் தமிழர்களையே உதாரணம் சொல்லலாம். உலகத்தில் காரோடு கப்பலேறி நாடு தாண்டிப் போவதைச் சாதாரண விஷயமாகச் செய்யும் தமிழர்கள் லண்டனில் இருக்கும் ஈழத்தமிழர்கள்தான். பாரிஸில் லா சப்பல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பிள்ளையார் கோவில் தேர் என்றால் குடும்பத்தைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு டோவர் போய், கப்பலில் ஏற்றி, ஒன்றரை மணி நேரத்தில் கலேயில் இறங்கி ஓட்டிப் போய்விடலாம். அவசரம் என்றால் கடலுக்கடியில் சுரங்க ரயில், முப்பத்தைந்தே நிமிஷம். இங்கிலாந்தின் வடக்கே இருப்பவர்கள் டோவர் வரை ஓட்டாமல் ஹல் துறைமுகத்தில் ராத்திரி ஏறி, கேபினில் தூங்கி, காலையில் ராட்டர்டாமில் இறங்கலாம்.

அவர்கள் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு சுலபம். கடலைக் குறைத்தால் ரோடு கூடும், ரோட்டைக் குறைத்தால் கடல் கூடும். ஓட்டுகிறவர் ஒருத்தரா இரண்டு பேரா, கைக்குழந்தை உண்டா, போகிற ஊர் எங்கே, ஒரு ராத்திரி ஹோட்டல் காசு மிச்சமா என்று பார்த்து முடிவு செய்யலாம். அந்தத் தேர்வு அவர்களுக்கு இருப்பதற்குக் காரணம் சுற்றுலாப் பயணி இல்லை, லாரி. லாரிகள்தான் தை மாசக் குளிரிலும் நடுராத்திரியிலும் அந்தக் கப்பல்களை நிரப்புகின்றன. அந்த ஓட்டத்தில்தான் நம் அண்ணன்மார் குடும்பக் கார்களும் தொற்றிக்கொண்டு போகின்றன. லாரி இல்லாமல் உல்லாசப் பயணியை மட்டும் நம்பி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஸ்கோடியா பிரின்ஸ்.

(அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ கம்பெனி ஒரே நாளில் 786 மாலுமிகளை வேலையை விட்டுத் தூக்கியது. மலிவு டிக்கெட்டுக்கு யாரோ எங்கேயோ விலை கொடுக்கிறார்கள்.)

"இந்தியாவுல காரை ஏத்துற கப்பலே இல்லையா?" என்றார் அப்பா. இருக்கிறது. குஜராத்தில் கோகாவுக்கும் ஹசீராவுக்கும் நடுவே 2020 நவம்பர் முதல் ஓடியது. ரோட்டில் 370 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியது, கடலில் 90. மும்பையிலிருந்து அலிபாக் பக்கம் மாண்ட்வாவுக்கும் அதே 2020ல் தொடங்கினார்கள். கோகா கப்பலில் லாரியும் ஏறும். அங்கேயும் அதே பாடம்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. நாகை - காங்கேசன்துறையில் கார் ஏற்றும் கப்பல் வேண்டும் என்று கேட்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். முதலில் வேண்டியது, சொன்ன தேதியில் கிளம்பும் ஒரு ஆள் கப்பல். வருஷா வருஷம் நின்று நின்று ஓடும் சேவையை நம்பி எவனும் லீவு போட மாட்டான், கல்யாணத்துக்குத் தேதி வைக்க மாட்டான். இரண்டாவது, துறைமுகம். காங்கேசன்துறை துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6 கோடியே 15 லட்சம் டாலர் மானியமாகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ஆழமும் அலைத்தடுப்பும் சரியாகிவிட்டால் சரக்கு லாரி ஏறும் கப்பல் வரலாம். பாக் நீரிணையில் கடல் ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு, டோவரில் இருப்பது போல ஆறு மீட்டர் எல்லாம் கிடையாது. லாரி இறங்கும் சாய்தளம் அமைக்க அது வசதி. யாழ்ப்பாணத்து விவசாயிக்கும் நாகப்பட்டினத்து வியாபாரிக்கும் அதில் பிழைப்பு இருக்கிறது. கடைசியில், லாரிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடத்தில், எங்கள் அப்பாவின் கார்.

இன்னொன்றும் உண்டு, இதை அப்பாவிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நம் காரை நாமே கொண்டுபோய், நாமே ஓட்டி, டிக்கியில் புளியோதரையும் தண்ணி கேனும் வைத்துக்கொண்டு போய் வந்தால் அந்த ஊருக்கு நம்மால் என்ன கிடைக்கும்? போரையும் பார்த்து, 2022ல் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றதையும் பார்த்த ஜனங்கள். காங்கேசன்துறையில் இறங்கி ஒரு வேனும் டிரைவரும் வாடகைக்கு எடுத்தால், அந்தப் பணம் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போகும். அப்பாயி பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம். அப்பாவும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்க்காமல், பிறந்த நாட்டை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

"ஃப்ளைட்டே நல்லது, சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் சண்டை போடுகிறான். முட்டி வலிக்காரருக்கு அதுதான் நல்லது என்பது உண்மை. என்னைத் தனியாகக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்தப் பயணத்தில் ஊர் மட்டும் போய்ச் சேருவது அல்ல விஷயம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்டோடு, போக இஷ்டமா என்று யாரும் கேட்காமல், ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட ஒருத்தி, தானே டிக்கெட் எடுத்துக் கப்பலேறித் திரும்பிப் போக நினைக்கிறாள். அதை நான் எந்த காலத்தில் எக்செல் ஷீட்டில் போடுவது?

அப்பாவின் கார் ஆசையும் அதே ஜாதிதான் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு ராத்திரி மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவரே சொன்னார். "ஒண்ணுமில்லடா. அந்தத் தோட்டத்துல நம்ம ஆளுங்க இன்னும் நாலு குடும்பம் இருக்குதாம். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோட போய் இறங்கினா அம்மாவுக்கு ஒரு கெத்தா இருக்கும்ல." இத்தனை கார்னே, வங்கி உத்தரவாதம் எல்லாம் பேசிய வாய்க்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆகியிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேச்சே கிடையாது. பிப்ரவரி கடைசி, மார்ச்தான். திரும்பி வரும் நாளில் கப்பல் ரத்தானாலும் சமாளிக்கும்படி கையில் மூன்று நாள் உபரி வைப்பது. அதற்கும் சரிவராவிட்டால் பலாலியிலிருந்து ஃப்ளைட், அப்பாயி அதற்கு முனகிக்கொண்டே சம்மதித்துவிட்டார். கார் நாகப்பட்டினம் வரை வரும், அங்கே தெரிந்தவர் வீட்டில் நிற்கும். போக வர அறுநூறு கிலோமீட்டர், நாற்பது லிட்டர் பெட்ரோல். அந்த மட்டும் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தேன்.

அப்பாயி இப்போதே பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டார். அதே ட்ரங்குப் பெட்டி. கப்பலில் சாமானுக்கு எடைக் கணக்கு உண்டு, பை ஒன்று வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கவில்லை. நேற்று அப்பா ராஜகீழ்ப்பாக்கம் பழைய பேப்பர் கடையிலிருந்து தராசு இரவல் வாங்கி வந்து நிறுத்துப் பார்த்தார். வெறும் பெட்டியே ஏழரை கிலோ.

"பெட்டிக்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்க முடியுமான்னு பாருடா" என்கிறார் அப்பா.